காலிப் பாட்டிலுக்கு 45 பெட்டிகள்

டோக்கியோவின் மினாமி அயோயாமா பகுதி விலை உயர்ந்த துணிக்கடைகளுக்குப் பேர்போனது. அந்தக் கடைகளுக்கு நடுவே உதட்டுச் சாயத்துக்கென்றே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1825இலிருந்து ‘பெனி’ என்னும் சிவப்புச் சாயத்தைத் தயாரித்துவரும் இசெஹான் ஹொன்டென் என்ற பழைய நிறுவனம் அதை நடத்துகிறது. பெனி குசும்பப் பூவிலிருந்து கிடைப்பது. பூவின் நிறத்தில் பெரும்பகுதி மஞ்சள். சிவப்பு நூற்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். மஞ்சளைக் கழுவிக் கழுவி நீக்கிவிட்டு, எஞ்சிய சிவப்பைக் குழம்பாக்கி, குட்டிப் பீங்கான் கிண்ணத்தின் உட்புறம் தூரிகையால் பூசிக் காயவைக்கிறார்கள். காய்ந்ததும் சிவப்பு மறைந்து, பச்சையும் பொன்னுமாக மின்னுகிறது. பொன்வண்டு நிறம் என்றுதான் ஜப்பானியர்களும் சொல்கிறார்கள். ஈரத் தூரிகை பட்டதும் மறுபடி சிவப்பு எழுந்து வருகிறது.

நிறத்தைப் பார்த்து வியந்து முடித்தபிறகுதான் கிண்ணத்தைக் கவனித்தேன். எடோ காலத்துப் பெண்கள் சாயம் தீர்ந்ததும் காலிக் கிண்ணத்தைக் கடைக்கு எடுத்துப்போய் மறுபடி பூசி வாங்கிவந்திருக்கிறார்கள். கிண்ணம் அவர்களுடையது, கடைக்காரர் திரும்பத் திரும்ப விற்றது சாயத்தை மட்டும். சிப்பி ஓட்டிலும் பூசி விற்றிருக்கிறார்கள். களிம்பு மருந்துகளும் சிப்பிக்குள் அடைத்து விற்பனைக்கு வந்தன. ஹமாகுரி என்ற அந்தச் சிப்பியின் இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று மட்டுமே கச்சிதமாகப் பொருந்தும்; வேறொரு சிப்பியின் ஓட்டால் அதை மூட முடியாது. நம் வீட்டுக் குங்குமச் சிமிழும் இந்த வகையறாதான். மரச் சிமிழ் பாட்டி காலத்தது. உள்ளே இருக்கும் குங்குமம் போன வாரம் கோயில் வாசலில் பொட்டலமாக வாங்கியது.

சருமத்துக்குப் பூசுகிற பொருள்களை எதில் அடைக்கிறார்கள், தீர்ந்தபிறகு அந்த உறை என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். அதற்குப் போய் ஜப்பானைத் தேர்ந்தெடுத்தது வினோதமாகத் தோன்றலாம். ஒரு பிஸ்கட்டுக்கு ஓர் உறை, பத்து உறைகளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டியைச் சுற்றி ஒரு தாள், அதற்குமேல் ஒரு பை என்று அடுக்குகிற நாடு அது. ஐந்து முட்டைகளை வைக்கோலில் வரிசையாகக் கட்டித் தொங்கவிடும் கிராமத்துக் கைவேலையைப் பற்றி ஹிதெயுகி ஓகா என்ற வடிவமைப்பாளர் 1960களில் ஒரு நூல் வெளியிட்டார். வடிவமைப்புத் துறையில் இன்றுவரை அதைப் புரட்டாதவர்கள் குறைவு. அந்த நூல் வந்த நாள்களிலேயே வைக்கோல் போய்ப் பிளாஸ்டிக் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் அளவுக்கு மீறிச் சுற்றிக் கட்டும் இதே நாட்டில்தான், ஷாம்பு, உடம்புக்குப் போடும் திரவச் சோப்பு, முகம் கழுவும் நுரை எல்லாவற்றையும் ரீஃபில் பையில் வாங்கிவந்து பழைய பாட்டிலில் ஊற்றிக்கொள்வது அன்றாடப் பழக்கமாகியிருக்கிறது.

ஒசாகாவில் என் சித்தி மகன் வேலை பார்க்கிறான். அவன் வீட்டுப் பக்கத்து மருந்துக்கடைக்குள் நுழைந்தோம். ஜப்பானில் மருந்துக்கடை என்றால் மருந்து ஒரு மூலையில்தான் இருக்கும். மீதி இடமெல்லாம் அழகுப் பொருள்கள். சோப்பு அலமாரியில் பாட்டில்கள் கொஞ்சம். அவற்றைச் சுற்றிலும் நின்றவாக்கில் பைகள், பைகள், பைகள்.

“அக்கா, பாட்டில் ஒருதரம்தான் வாங்குவோம். அப்புறம் அது உடையிற வரைக்கும் பைதான். பைதான் வெல கம்மி” என்றான்.

விலை கம்மி என்பதைச் சாதாரணமாகத் தள்ளிவிடக் கூடாது. பல நாடுகளில் ‘பசுமை’ என்று எழுதிய பொருளுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டும். இங்கே சூழலைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்காத ஆளும் பையைத்தான் எடுப்பார். ஷாம்பு ரீஃபில் பைகளை 1990களின் தொடக்கத்திலிருந்து பரப்பிய காவோ நிறுவனத்தில், பாட்டிலாகவும் பையாகவும் கிடைக்கும் சரக்கில் பையின் பங்கு எண்பது விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. பாட்டிலோடு ஒப்பிட்டால் பைக்குப் பிடிக்கும் பிளாஸ்டிக் கால் பங்குக்கும் கீழே.

இதை வெறும் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டு கையில் எடுத்தால், அந்தப் பைக்குள் எவ்வளவு யோசனை போயிருக்கிறது என்பது தெரியும். கத்தரிக்கோல் இல்லாமல், ஈரக் கையாலேயே நேராகக் கிழிபட வேண்டும். கிழித்த மூக்கு பாட்டிலின் வாய்க்குள் சரியாக உட்கார வேண்டும். உள்ளே இருப்பதோ தேன் பதத்துத் திரவம். அதன் கடைசிச் சொட்டுவரை மூலையில் தேங்காமல் இறங்க வேண்டும். பாட்டிலும் பல்லாண்டு உழைப்பதற்கென்றே செய்தது. ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் வரிவரியாகச் சில மேடுகள் இருக்கும். கண்டிஷனர் பாட்டிலில் இருக்காது. கண் தெரியாதவர்களும், நுரையில் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்களும் தடவியே எது எது என்று அறிய 1991இல் காவோ கொண்டுவந்த ஏற்பாடு அது. உரிமை கொண்டாடாமல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள விட்டுவிட்டார்கள். இன்று எந்தக் கம்பெனி ஷாம்பு பாட்டிலைத் தொட்டாலும் அந்த மேடுகள் விரலில் தட்டுப்படுகின்றன.

ஆனால் சிக்கலும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. மெல்லிய ஒரே தாள்போலத் தோன்றும் அது உண்மையில் பல அடுக்கு. வெளியே அச்சு நிற்பதற்கு ஒரு பிளாஸ்டிக், கிழியாமல் இழுவை தாங்க நைலான், ஈரமும் காற்றும் வாசனையும் கடக்காமலிருக்க அலுமினியப் படலம், உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ள பாலிஎத்திலீன். இத்தனையையும் ஒட்டியபிறகு பிரிப்பது பெரும்பாடு. பாட்டிலைவிடக் குறைந்த பிளாஸ்டிக், ஆனால் மறுசுழற்சிக்கு எளிதில் அகப்படாத பிளாஸ்டிக். குறைவாகச் செய்து எரிப்பது நல்லதா, கூடுதலாகச் செய்து திரும்ப உருக்குவது நல்லதா? உறைத் துறையில் இருப்பவர்கள் ஆண்டுக்கணக்காக மோதிக்கொள்ளும் கேள்வி இது.

அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குக் கடலூர் ஞாபகம் வந்தது. இதே பல அடுக்குப் படலத்தின் குட்டி வடிவமான ஷாம்பு பாக்கெட்டை இந்தியா முழுக்கப் பரப்பிய கதை அங்கே தொடங்கியது. சின்னி கிருஷ்ணன் என்ற சிறுதொழில் முனைவோரின் யோசனை. அவருடைய மகன்கள் அதை வெல்வெட், சிக் என்று வணிகமாக்கினார்கள். சிக் ஷாம்புவைத் தொடங்கிய சி.கே. ரங்கநாதன் கிராமங்களில் ஒரு திட்டம் வைத்தார். காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு புதுப் பாக்கெட் இலவசம். விற்பனை பெருக்கும் உத்தியாக அது புகழ்பெற்று, வணிகப் பள்ளிகளில் பாடமாகச் சொல்லுமளவுக்கு வந்துவிட்டது. காலிப் பாக்கெட்டைப் பொறுக்கிச் சேர்த்துக் கடையில் கொண்டுவந்து கொடுக்க நம் ஊர்ப் பிள்ளைகள் தயாராகவே இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி. சேர்ந்த காலிகளை என்ன செய்வது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நம் பாக்கெட் ஒரு குளியலுக்கு. ஜப்பானின் பை ஒரு பாட்டிலுக்கு. தினக்கூலி வாங்குகிற வீட்டில் முழுப் பாட்டில் வாங்கப் பணம் புரளாது என்ற நிஜத்திலிருந்து பிறந்தது பாக்கெட். அதைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அந்த வீட்டுக்கு மாற்று என்ன என்று சொல்வது கஷ்டம். மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டே ஆண்டில் நிறுத்த வேண்டும் என்றன இந்தியாவின் 2016 விதிகள். 2018இல் வந்த திருத்தம், எரித்துச் சக்தி எடுக்க முடிந்தாலோ வேறு உபயோகம் இருந்தாலோ போதும் என்று கயிற்றைத் தளர்த்திவிட்டது.

தீர்ந்த உறைகள் என்ன ஆகின்றன என்று பார்க்க, ஷிகோகு தீவிலுள்ள கமிகட்சுவுக்குக் கிளம்பினோம். ஒசாகாவிலிருந்து அந்தத் தீவுக்கு இரண்டு பாலங்களைக் கடக்க வேண்டும். முதலாவது அகாஷி கைக்யோ, 1998இல் திறந்தது, நான்கு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான நீளம். பிறகு அவாஜி தீவு, வெங்காய வயல்கள். அதைத் தாண்டினால் நருட்டோ பாலம். கீழே கடல் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. டோகுஷிமா நகரை அடைந்து, அங்கிருந்து கட்சுரா ஆற்றின் ஓரமாக மலைக்குள் ஏறினோம். பேருந்தும் உண்டு, வழியில் இறங்கி மாறி ஏற வேண்டும். சித்தி மகன் வாடகைக் காரை ஓட்டினான். சாலை குறுகக் குறுக, எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்கி நிற்பதும், நன்றி என்று தலை குனிவதுமாகப் போயிற்று. இருபுறமும் தேவதாரு போல நெட்டுக்குத்தாக வளர்ந்த சுகி மரங்கள்.

கமிகட்சு, ஆயிரத்து ஐந்நூறு பேர்கூட இல்லாத மலையூர். பாதிக்கு மேற்பட்டவர்கள் முதியவர்கள். குப்பை வண்டி கிடையாது. வீட்டுக் குப்பையை அவரவரே ஊருக்குப் பொதுவான ஒரே மையத்துக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட வேண்டும். முடியாத முதியவர்களின் வீட்டுக்கு மட்டும் அவ்வப்போது வந்து எடுத்துக்கொள்கிறார்கள். சமையல் கழிவு மையத்துக்கு வரவே வராது, வீட்டிலேயே உரமாகிறது. மற்றவற்றைப் போட, நான் போனபோது 45 வகைப் பெட்டிகள் இருந்தன.

இந்த ஊருக்கு ஞானம் ஒருநாளில் பிறந்துவிடவில்லை. 1990களின் பிற்பகுதி வரை குப்பையைத் திறந்தவெளியில் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். 1998இல் இரண்டு சின்ன எரியூட்டிகள் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே டையாக்ஸின் நச்சைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டம் வந்தது. புது எரியூட்டிகள் அந்த அளவுகோலுக்குத் தாக்குப்பிடிக்காமல் மூடப்பட்டன. இன்னொன்று கட்டப் பணமில்லை. எரிக்க வழியில்லாததால்தான் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கத் தொடங்கினார்கள். 2003இல், ஜப்பானிலேயே முதலாவதாக, 2020க்குள் குப்பையே இல்லாத ஊராவோம் என்று அறிவித்தார்கள். 2020 வந்தது, குப்பையில் எண்பது விழுக்காட்டளவு மறுசுழற்சிக்குப் போனது. நாடு முழுவதற்குமான சராசரி இருபதை ஒட்டியே நிற்கிறது. கமிகட்சுவில் மீதி இருபது மட்டும் அசையவில்லை. அந்த இருபதைப் பார்க்கத்தான் நான் வந்தேன்.

மையத்தின் கட்டடம் 2020இல் திறந்தது. ஹிரோஷி நகமுரா என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு. உள்ளூர் சுகி மரத் தூண்கள். ஊரார் கொடுத்த பழைய சன்னல்கள் எழுநூறு போலச் சேர்த்துக் கட்டிய முகப்பு. உடைந்த கண்ணாடியும் பீங்கானும் பதித்த தரை. மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி வடிவம். குப்பைக் கிடங்கு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்; நாற்றம் துளியும் இல்லை. வீட்டில் கழுவிக் காயவைத்த பொருள்கள்தான் இங்கே வருகின்றன.

ஒவ்வொரு பெட்டிக்கு மேலும் ஒரு பலகை. இந்தப் பொருள் எந்த ஊருக்குப் போகிறது, அங்கே என்னவாக மாறுகிறது, இதனால் நகராட்சிக்கு வரவா செலவா, கிலோவுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கிறது. குப்பைத் தொட்டியில் விலைப்பட்டியலை நான் பார்த்தது இங்கேதான். அலுமினியம் வரவு. சுத்தமான காகிதம் வரவு. பால் அட்டை தனி, உள்ளே வெள்ளி பூசிய பழச்சாறு அட்டை தனி. நிறமில்லாத கண்ணாடி, பழுப்புக் கண்ணாடி, மற்ற நிறங்கள் என்று தனித்தனி. கோடியில் ஒரு பெட்டி. அதன் பெயரே ‘எவ்வளவு முயன்றாலும் எரித்தே ஆக வேண்டியவை’. அதற்குப் பக்கத்தில் ‘எவ்வளவு முயன்றாலும் புதைத்தே ஆக வேண்டியவை’. பெயர் வைத்த அதிகாரிக்கு ஒரு வணக்கம். தோல்வியை ஒளிக்காமல் பெட்டிமேல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் கைப்பையில் தீர்ந்துபோன ஒரு லோஷன் பாட்டில் இருந்தது. ஊரில் வாங்கியது, ‘இயற்கை’ என்ற சொல்லும் பச்சை இலைப் படமும் அட்டையில் உண்டு. பெயர் வேண்டாம். அதை எங்கே போடுவது என்று கேட்டேன். மையத்தில் வேலை செய்யும் நடுவயதுப் பெண்மணி வாங்கிப் பார்த்தார். சித்தி மகன் இடையில் நின்று மொழிபெயர்த்தான்.

“பாட்டில் பெட், அது சரி. லேபிள் வேற பிளாஸ்டிக்காம், உரிக்கணுமாம். பம்ப்புதான் தொல்லைங்கிறாங்க.”

லேபிள் உரியவில்லை. அழுத்தமான பசை. பம்பை அவர் இடுக்கியால் பிரித்தார். தலைப்பகுதி பாலிப்ரொப்பிலீன், உறிஞ்சு குழாய் பாலிஎத்திலீன், நடுவில் ஒரு குட்டி எஃகுச் சுருள், அதற்குக் கீழே ஓர் உருண்டை. சுருள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. பாட்டில் ஒரு பெட்டிக்கு, மூடி இன்னொன்றுக்கு, குழாய் வேறொன்றுக்கு என்று பிரிந்து, பம்பின் நடுப்பகுதி கோடியிலிருந்த அந்த எரிக்கும் பெட்டிக்குப் போனது. அவர் முகத்தில் அலுப்போ கண்டனமோ இல்லை. இந்தப் பம்பை அவர் தினமும் பார்க்கிறார்.

முகப்பூச்சுகளின் உறை மற்ற உறைகளைவிடச் சிக்கலாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. எல்லாம் ஆடம்பரம் என்று தள்ள முடியாது. வைட்டமின் சி கலந்த சீரம் காற்றுப் பட்டால் கருக்கும். அதனால் காற்றுப் புகாத பம்ப். சில சத்துகள் வெளிச்சத்தில் கெடும். அதனால் பழுப்புக் கண்ணாடி. விரல் விட்டு எடுக்கும் ஜாடியில் கிருமி சேரும், அதனால் குழாய். இவையெல்லாம் நியாயம். நியாயமில்லாதவை வேறு. ஐம்பது மில்லி கிரீம் வைக்க இரட்டைச் சுவர் போட்ட ஜாடி, உள்ளே இருப்பதைவிட உறையே கனம். பால்வெள்ளைக் கண்ணாடி ஜாடி பார்க்க அழகு, ஆனால் ஜப்பானிலேயே பல நகராட்சிகள் அதைச் சாதாரணக் கண்ணாடியோடு சேர்ப்பதில்லை. உருக்கும்போது குணம் மாறுகிறது. கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ‘பிரீமியம்’ தோற்றம் தரும்; அதில் கலந்த கரி, பிரிக்கும் ஆலையின் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால் எந்திரத்தின் கண்ணுக்கு அப்படியொரு மூடி இருப்பதே தெரியாது.

மட்கும் பிளாஸ்டிக் ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கும் இந்த மையத்தில் பதில் இருக்கிறது. மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ மட்க, அறுபது டிகிரியை ஒட்டிய சூட்டைத் தொடர்ந்து தரும் தொழிற்கூட உரக்கிடங்கு வேண்டும். வீட்டுக் கொல்லையின் உரத்தொட்டியில் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பெட் பாட்டில்களோடு கலந்துவிட்டாலோ அந்தச் சரக்கையும் கெடுத்துவிடும். கரும்பிலிருந்து செய்யும் பாலிஎத்திலீன் வேறு ரகம். எண்ணெயிலிருந்து வருவதற்கும் அதற்கும் வேதியியலில் வித்தியாசமே இல்லை, ஆகவே அதே பெட்டியில் சேரும். ஆனால் கடலில் விழுந்தால் அதுவும் பிளாஸ்டிக்தான். அட்டையில் கரும்புப் படம் போடுகிறவர்கள் இந்த இரண்டாவது செய்தியைச் சொல்வதில்லை.

அப்படியானால் எது தேறும்? ஒரே பொருளால் ஆனது, கையால் கழற்ற முடிவது, லேபிள் தண்ணீரில் உரிந்து வருவது. எஃகுச் சுருளுக்குப் பதில் பிளாஸ்டிக் சுருளே வைத்த பம்புகள் சில ஆண்டுகளாகச் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. மறைவாக இருக்கும் அந்தச் சின்ன மாற்றத்தை விளம்பரத்தில் காட்ட முடியாது; ஆனால் அந்தப் பெண்மணியின் இடுக்கிக்கு அது பெரிய செய்தி. ஷிசெய்டோ 2020இல் தொடங்கிய பாவும் என்ற வரிசை, கரிமோகு மரச்சாமான் ஆலையில் மிஞ்சும் ஓக் துண்டுகளை உறையின் ஒரு பாகமாக வைத்து, உள்ளே இருக்கும் குப்பியை மட்டும் மாற்றிக்கொள்ள விடுகிறது. டோக்கியோவில் எடுத்துப் பார்த்தேன். கையில் வைத்துக்கொண்டே இருக்கலாம் போல அழகு. ஆனால் விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். பத்துப் பேர் வாங்கும் மரப்பேழையைவிட லட்சம் பேர் வாங்கும் பாட்டிலின் பம்ப் மாறுவதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

சரி, அந்த ரீஃபில் பை? 2016 வாக்கில் காவோ தொடங்கிய ஒரு முயற்சியில் கமகுரா, கிடாமி, இஷினோமாகி போன்ற ஊர்களோடு கமிகட்சுவும் சேர்ந்தது. தீர்ந்த பையை வெட்டித் திறந்து, கழுவி, துணிக்கொடியில் காயவைத்து, மையத்தில் கொண்டுவந்து போட்டார்கள். அவற்றை உருக்கி, பிள்ளைகள் அடுக்கி விளையாடும் கட்டைகளைப் போலப் பெரிய அளவில் செய்து அதே ஊர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். வீடு திரும்பியவரை வரவேற்கும் சொல்தான் அந்தக் கட்டைக்குப் பெயர். கேட்க இனிக்கிறது. ஆனால் ஓர் ஊருக்கு எத்தனை கட்டைகள் தேவைப்படும்? பை திரும்பப் பையாக வேண்டும். அதற்கு அடுக்குகளைக் குறைக்க வேண்டும். காவோவும் அதன் போட்டியாளரான லயனும் இதற்காகக் கைகோத்தன. பழைய பைகளிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கைச் சிறிதளவு கலந்த புதிய பை 2023இல் கடைக்கு வந்தது. சிறிதளவுதான். முப்பதாண்டுகளாகப் பையைப் பழக்கப்படுத்திய நாட்டில், அதைத் திரும்பப் பையாக்கும் வேலை இப்போதுதான் முதல் படியில் நிற்கிறது. பையைக் குற்றம் சொல்ல இது காரணமாகாது. திரும்ப வாங்கிக்கொள்ளும் வழியை யோசிக்காமல் உறையை வடிவமைத்தால் எவ்வளவு காலம் துரத்த வேண்டியிருக்கும் என்பதற்குக் கணக்கு.

மையத்தின் கேள்விக்குறியில் புள்ளியாக இருக்கும் கட்டடம் ஒரு விடுதி. அதன் பெயரும் ‘ஏன்’தான்: ஹோட்டல் ஒய். வரவேற்பறையில் சாவி கொடுப்பதற்கு முன் ஒரு சோப்புக் கட்டையை எதிரே வைத்தார்கள். தங்கப்போகும் நேரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நறுக்கி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் தாராளமாக ஒரு துண்டு காட்டினேன். சித்தி மகன், “அக்கா, அது துணி தொவைக்கிற அளவு” என்று சிரித்தான். அதில் பாதி நறுக்கினோம். அதுவும் மிஞ்சிவிட்டது. உலகமெங்கும் விடுதிக் குளியலறைகளில் இரண்டு தரம் தேய்த்துவிட்டு எறியப்படும் குட்டிச் சோப்புகளையும், கால்வாசி காலியான லோஷன் குப்பிகளையும் நினைத்துக்கொண்டேன். 2022 ஏப்ரலில் ஜப்பானில் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் சட்டம், விடுதிகள் இலவசமாகக் கொடுக்கும் பல் பிரஷ், சீப்பு, சவரக் கத்தி, குளியல் தொப்பியைக் குறைக்கச் சொல்கிறது. கமிகட்சு அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. அளந்து கொடுக்கிற இடத்தில் உறையே தேவைப்படவில்லை. பயணத்தில் நான் பார்த்தவற்றில் ஆகச் சிறந்த உறை வடிவமைப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

அறையில் ஆறு கூடைகள் வைத்திருந்தார்கள். தங்கியபோது சேர்ந்த குப்பையை அதில் பிரித்து வைத்து, கிளம்பும்போது மையத்துக்கு எடுத்துப்போய் 45ஆகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு பிஸ்கட் பெட்டியைப் பிரித்துப் போட எங்கள் இருவருக்கும் பத்து நிமிடம் பிடித்தது. வாங்குவதற்கு முன் உறையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இப்படித்தான் வருமென்று நினைக்கிறேன், பிரசங்கத்தால் வராது.

ஊரைச் சுற்றிப் பார்க்க மிச்சமிருந்த நேரத்தில் கஷிஹாரா படிக்கட்டு வயல்களுக்குப் போனோம். புளிக்கவைத்துத் தயாரிக்கும் உள்ளூர் ‘அவா பஞ்சா’ தேநீர் குடித்தோம். மோர் போல மெல்லிய புளிப்பு. இந்த ஊருக்கு இன்னொரு புகழும் உண்டு. 1981 குளிரில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போனபின், பாட்டிமார்கள் மலையில் பறித்த மேப்பிள் இலைகளையும் பூக்களையும் பெருநகர உணவகங்களுக்குத் தட்டு அலங்காரமாக விற்கத் தொடங்கினார்கள். 1986இல் ஆரம்பித்த அந்தத் தொழில் ஊரைத் தூக்கி நிறுத்தியது. கசங்காமல் போய்ச் சேர, அந்த இலைகளைப் பிளாஸ்டிக் தட்டில் அடுக்கித்தான் அனுப்புகிறார்கள். அதைச் சொல்லி இந்த ஊரை மடக்கிவிட்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூறு விழுக்காடு என்பது இந்த ஆயிரத்து ஐந்நூறு பேர் கழுவிக் காயவைப்பதால் மட்டும் வந்துவிடாது. மீதி இருபதைச் செய்து அனுப்புகிறவர்கள் வேறெங்கோ, நகரத்து அலுவலகங்களில், திரையில் பாட்டிலை வரைந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நம் ஊரில் வீட்டிலிருந்தபடியே சோப்பும் எண்ணெயும் முகப்பூச்சும் செய்து விற்கும் சிறு தொழில்முனைவோருக்கு ஒரு வேண்டுகோள். இன்று அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். புதுப் பாட்டிலுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன், உங்கள் தெருவில் பழைய பொருள் எடுக்க வருகிறவரிடம் அந்த மாதிரிப் பாட்டிலைக் காட்டுங்கள். எடைக்கு எடுத்துக்கொள்வாரா, பம்பைக் கழற்றித் தரச் சொல்வாரா, வேண்டாம் என்று தலையாட்டுவாரா என்று பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பாட்டில் வேண்டாம். வாடிக்கையாளர் காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் விலையில் பத்து ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள். கொண்டுவந்து கொடுப்பார்கள், கடலூர்க் கதை அதற்கு ஆதாரம்.

கமிகட்சு போகிறவர்களுக்கு: டோகுஷிமாவிலிருந்து காரில் ஒரு மணி நேரம். மையம் காலை 7.30 முதல் பிற்பகல் 2 மணி வரை. விடுதியில் பல் பிரஷ்ஷோ இரவு உடையோ கொடுக்கமாட்டார்கள், கையோடு எடுத்துப்போக வேண்டும். லோஷன் எடுத்துப்போனால் பம்ப் இல்லாததாகப் பார்த்து எடுத்துப்போங்கள்.